கடலைப் பார்த்த சுவரில் ஒரு விரிப்பு

எங்கள் குடாவில் கடலைப் பார்த்த சுவரில் யாரும் வெள்ளைத் துணி காயப்போட மாட்டோம். அங்கே வெள்ளை தெரிந்தால் சாவோ பிரசவமோ என்று அர்த்தம். எதிர்க்கரைக்காரர்கள் கைவேலையைப் போட்டுவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டும். நடுக்குளிரில் சூரியனே எழாத இருட்டு மாதங்களில் துணிக்குப் பதில் கரையில் தீ மூட்டுவோம்.

தோர்டிஸ் எனக்கு எதிர்க்கரை வீட்டுப் பெண். பன்னிரண்டு வயது. அம்மா செத்து ஒரு வருடம். ஜனவரி பிறந்ததும் அவள் அப்பா ஈசாக், எங்கள் ஆண்கள் எல்லோரையும் போல, லொஃபோட்டன் தீவுகளுக்கு மீன்பிடிக்கப் போய்விட்டான். அவன் போகாவிட்டால் அடுத்த குளிருக்கு மாவு கிடையாது. ஒரு பசு, ஆறு செம்மறி, அவள். அந்தக் கரையில் வேறு யாருமில்லை.

பிப்ரவரியில் சூரியன் திரும்பி வந்த மூன்றாம் நாள், அவள் வீட்டுச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கியது. பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு, எதிர்க்காற்றில் ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டேன்.

உள்ளே போனால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேஜையில் உருளைக்கிழங்கும் உப்பு மீனும். இரண்டு தட்டு.

"ஏண்டி, யாரு சாகக் கிடக்கா?"

"யாருமில்ல அத்தை."

"பின்ன எதுக்குடி கட்டின? என் கையப் பாரு, தோலே உரிஞ்சு போச்சு."

"இருட்டு மாசத்துல தீதான் மூட்டணும். பார்த்தா ரொம்பப் பயந்துடுவீங்க. அதான் வெளிச்சம் வரட்டும்னு இருந்தேன்," என்றாள். "பசுகிட்டயே பேசிப் பேசி, என் குரலக் கேட்டா எனக்கே பயமா இருக்கு அத்தை."

அவள் தனியாகி ஆறு வாரம். மாடு, பிள்ளைகள் என்று எனக்குச் சாக்கு இருந்தது. ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். கிழங்கு ஆறிப்போயிருந்தது. அவள் வாய் ஓயாமல் பேசினாள், பாதி அந்தப் பசுவைப் பற்றித்தான்.

கிளம்பும்போது படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அடுத்த வருஷம் போக மாட்டார்."

ஏப்ரலில் ஈசாக் திரும்பினான். தேவாலய வாசலில் எல்லோர் முன்னாலும் மகள் முதுகைத் தட்டினான். "இரும்புடா என் பொண்ணு. மூணு மாசம் தனியா இருந்திருக்கா. ஒரு தடவையாவது துணி கட்டினாளா? அக்கா, நீங்கதானே எதிர்ல இருக்கீங்க, சொல்லுங்க."

தோர்டிஸ் என்னையே பார்த்தாள்.

"கட்டல," என்றேன்.

அடுத்த ஜனவரியில் அவன் நிம்மதியாகப் புறப்பட்டான். கடல் வழிவிட்ட நாளெல்லாம் நான் போய்ப் பார்த்தேன். அந்தக் குளிரில் கடல் வழிவிட்டது நான்கே நாள்.