படத்துக்கு அடியில் ஒரு பெயர்

சுகுமாரனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அடுத்து கை நீளும். நடுவில் யோசனை என்று ஒன்று வருவதே கிடையாது. மலேசியாவில் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பார்க்கிற ஆள். முன்பு சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து ஒரு வேலையைத் தொலைத்தவன். கல்யாண மண்டபத்தில் ஸ்டூடியோக்காரர் ஐயாவுவின் முன்பல்லை உடைத்துவிட்டு லாக்கப்பில் கிடந்தவன். "இவரு கையை மட்டும் வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வேலைக்கு அனுப்பணும் லா" என்று அவன் மனைவி குமுதா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பயமும் உண்டு.

அவன் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டத்தை விற்று, ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, லயத்தைக் காலி செய்ய மாட்டோம் என்று மல்லுக்கு நின்றவர்களில் அவன் அப்பா இராமசாமியும் ஒருவர். ஒரு சாயங்காலம் லாரியில் வந்து இறங்கியவர்கள் அவரைக் கட்டையால் அடித்ததில் இடது கண் போய்விட்டது. போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டவர், அடித்தவர்களைக் காட்ட ஏதாவது படம் இருக்கிறதா என்று கேட்டார். லயத்தில் எவனிடம் கேமரா இருந்தது? ஒற்றைக் கண்ணோடு கொஞ்ச காலம் நடமாடிவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். ஈப்போவுக்கு வேலைக்கு வந்த சுகுமாரன் கையில் காசு புரண்டதும் முதலில் வாங்கியது ஒரு பழைய கேமரா. எதற்கு என்று கேட்டால் சும்மா பொழுதுபோக்கு என்பான். வாய் கூசாமல் சொல்லும் பொய்.

தோட்டம் அழிந்தாலும் அங்கிருந்த மாரியம்மன் கோயில் அழியவில்லை. செம்பனைக்கு நடுவே தகரக் கூரையோடு அப்படியே நிற்கிறது. ஈப்போ, தைப்பிங் என்று சிதறிப்போன சனமெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு அங்கே வந்து கூடும். சுகுமாரன் படம் எடுப்பான். எடுத்ததில் நல்லதை அன்றைக்கே கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விடுவான். அதற்கப்புறம் நடப்பது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஐயாவு அந்தப் படங்களை இறக்கி, மூலையில் 'ஐயாவு ஸ்டூடியோ' என்று தங்க நிறத்தில் முத்திரை குத்தி, மறுபடி அதே குழுவிலேயே ஏற்றுவார். நல்லதாகப் பார்த்துச் சட்டம் போட்டுக் கடையில் விற்பார். சனமும் முத்திரை குத்திய படத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். எழுத்து அழகாக இருக்கிறதாம்.

"குழுவுல போட்டுட்டா அது ஊர் சொத்து லா தம்பி" என்று ஐயாவு ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பல் போனது அப்போதுதான்.

இந்த வருஷத் திருவிழாவில் ஒரு கொலை விழுந்தது. முத்தம்மாவின் மகன் மாயாண்டி, கோயிலுக்குப் பின்னால் செம்பனை வரிசைக்குள் பாராங் கத்தியால் வெட்டுப்பட்டுக் கிடந்தான். கழுத்து பாதி தொங்கியது. தடுக்கத் தூக்கிய கையில் விரல்கள் இல்லை. காவடியும் உறுமி மேளமும் போட்ட சத்தத்தில் அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. முத்தம்மா வந்து அந்த ரத்தச் சேற்றில் உட்கார்ந்து மகனின் விரல்களைத் தேடினாள். செய்தது ரூபன் என்ற ரவுடி என்று ஊருக்கே தெரியும். ரூபன் அன்று முழுக்க எங்கோ தொலைவில் லூமுட் படகுத்துறையில் இருந்ததாகச் சாட்சி சொல்லவும் ஆள் வைத்திருந்தான். போலீஸ் பிடித்தது, விட்டது.

இது நடந்து சில வாரங்கள் கழித்து, இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் படிக்கிற தினேஸ்வரி என்ற பெண் தன் வகுப்பு வலைப்பூவில் ஒரு பதிவு எழுதினாள். தமிழ் ஆசிரியை சாரதாதேவி மாணவர்களுக்காக ஆரம்பித்த வலைப்பூ அது. ஆசிரியைக்கு ஒரு கண்டிப்பு உண்டு: படம் போடலாம், ஆனால் எடுத்தவர் பெயரை அடியில் போட்டே ஆகவேண்டும். 'நன்றி: கூகுள்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. தினேஸ்வரி எழுதியது தன் பாட்டன் தோட்டத்துத் திருவிழாவைப் பற்றி. கோயில் குழுவிலிருந்து ஒரு காவடிப் படத்தை எடுத்தாள், மூலையிலிருந்த தங்க எழுத்தைப் படித்தாள், அடியில் எழுதினாள்: 'படம்: ஐயாவு, ஐயாவு ஸ்டூடியோ, ஈப்போ. நன்றி.' ஒழுங்கான பிள்ளை. அதற்கும் கீழே கடை இருக்கும் தெருவின் பெயரையும் சேர்த்திருந்தாள்.

சனிக்கிழமை காலை குமுதாதான் அந்தப் பதிவைச் சுகுமாரனுக்குக் காட்டினாள். பார்த்ததும் காது சிவந்தது. பதிவில் இருந்த முகவரிக்கு, 'அது என் படம், பேரை மாத்து' என்று தன் போன் எண்ணோடு ஒரு செய்தி தட்டினான். கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஐயாவுவின் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும், பிறகு மிச்சப் பல்லையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கையில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினான்.

படத்துக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்ததை அவன் படிக்கவில்லை: 'காவடிக்குப் பின்னால, மஞ்சள் சட்டையில நிக்கறது லூமுட்டுல இருந்த ரூபன்தானே?' கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த படத்தை வலைப்பூவில் பெரிதாக்கிப் பார்த்த யாரோ ஒரு மகராசன் செய்த வேலை. ரூபனும் பார்த்துவிட்டான். எடுத்தவன் பெயரும் தெருவும் படத்துக்கு அடியிலேயே இருந்தன.

சுகுமாரன் தெருவுக்குள் நுழைந்தபோது ஸ்டூடியோ வாசலில் ஒரு கார் குறுக்கே நின்றது. கடையின் இரும்புக் கதவு பாதிக்கு இறங்கியிருந்தது. எதிர் வரிசைக் காப்பிக் கடைத் தூணருகே மோட்டாரை நிறுத்தினான். பாதிக் கதவுக்குக் கீழே ஐயாவு தரையில் கிடப்பது தெரிந்தது. ரூபன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். இன்னொருவன் அவர் வலது கையை வாசல்படிக்கு இழுத்துப் பிடித்திருந்தான்.

"யார்ரா எடுத்தது? கார்டு எங்க?" என்றான் ரூபன்.

ஐயாவு தலையைத் தூக்கினார். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் நரைமீசையில் சொட்டியது. அவர் கண் நேராகத் தெருவைத் தாண்டி, ஹெல்மெட்டோடு நின்ற சுகுமாரன் மேல் விழுந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் ஐயாவு.

"கார்டு?"

"அழிச்சிட்டேன் லா. இல்ல."

இல்லாத கார்டை அந்த மனிதர் எங்கிருந்து கொடுப்பார்? கதவை மேலே தூக்கி அவர் விரல்கள் மேல் இறக்கினார்கள். மறுபடி தூக்கி மறுபடி இறக்கினார்கள். ஐயாவு போட்ட சத்தத்தில் காப்பிக் கடைச் சீனன் ரேடியோவைப் பெரிதாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். கம்பியால் தாடையில் அடித்ததும் பதிலும் நின்றது. சும்மாவே கை நீளும் சுகுமாரன், ஊரை அடித்த சுகுமாரன், தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். கார்டு சட்டைப் பையில் இருந்தது. கால் நகரவில்லை. பயந்தான், அவ்வளவுதான், அதற்கு வேறு பேர் இல்லை.

கார் போன பிறகுதான் ஓடினான். கார்டைக் கால்சட்டைப் பைக்கு மாற்றிவிட்டு, தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினான். சுற்றும்போது எது விரல் எது எலும்பு என்று தெரியவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனான். ஐயாவுவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கை தலையணை அளவுக்குப் பஞ்சாக இருந்தது. அவர் மனைவி மாரியம்மா வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு நேத்திலருந்து கீழ சுத்திக்கிட்டிருக்கானுங்க, தம்பி. கார்டு கெடைக்கிற வரைக்கும் விட மாட்டானுங்களாம். இவர்கிட்ட ஏது கார்டு?" என்றாள்.

சுகுமாரன் கட்டில் அருகே போனான். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அவன் மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணே, ஏன் என்னையக் காட்டல?"

ஐயாவு பல்லுக்கு நடுவில் பேசினார். "ஊர் பூரா என் படம் என் படம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அடி விழறப்ப மட்டும் இல்லேன்னு எப்படி லா சொல்றது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன் கையில ஹெல்மெட்ட பார்த்தேன். என்னைய அடிக்கத்தானே வந்த?"

"ஆமாண்ணே."

"உனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல அவனுங்க."

சிரிக்கப் பார்த்தார். வலியில் கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. சுகுமாரன் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. தன் மேல்தான் வந்தது, அடிப்பதற்கு வேறு ஆளும் இல்லை.

வீட்டுக்கு வந்து, பதிவுக்கு அடியில் ரூபனைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கார்டைக் கணினியில் போட்டான். காவடிக்காரன் சுழன்றபோது பொத்தானை விடாமல் அழுத்தியிருந்தான். படங்கள் வரிசையாக வந்தன. குழுவில் போட்டிருந்த முதல் படத்தில் மஞ்சள் சட்டை சும்மா நின்றது. அடுத்ததில் கை உயர்ந்தது. அதற்கடுத்ததில் கத்தி மாயாண்டியின் கையில் இறங்கியிருந்தது, ரூபனின் முகம் முழுசாகத் தெரிந்தது. முன்னால் காவடிக்காரன் எதுவும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தான். தன் கேமரா பார்த்ததைச் சுகுமாரன் பார்க்கவே இல்லை.

குமுதா பின்னால் நின்று பார்த்தாள். "அழிச்சிருங்க" என்றாள். "நம்ம பேரு எங்கயும் இல்ல. கடவுளாப் பார்த்துக் காப்பாத்தியிருக்காரு."

"அப்பாவ அடிச்சப்ப போலீஸ் பாலாய்ல என்ன கேட்டாங்க, தெரியுமா?"

"தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கீங்க. அழிச்சிருங்க."

அவன் கார்டைப் பையில் போட்டுக்கொண்டான். காது சிவக்கவில்லை. குமுதாவைப் பயமுறுத்தியதே அதுதான். அவள் வாசலை மறித்து நின்றாள், அவன் மார்பில் குத்தினாள், பிறகு அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவற்றை எடுத்தது யார் என்று கேட்டார். தான்தான் என்று சொல்லிச் சுகுமாரன் கையெழுத்துப் போட்டான். ரூபனைத் தேடி ஆள் போகும் என்றார். எப்போது அகப்படுவான் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நிலையத்தை விட்டு வெளியே வரும்போது கைப்பேசி அடித்தது. தினேஸ்வரி. குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, உங்க மெசேஜ் பார்த்தேன். தப்பான பேரு போட்டுட்டேன். என்னாலதானே அவங்கள அடிச்சாங்க? பதிவையே எடுத்துரவா? டீச்சரும் எடுத்துரலாம்னு சொல்றாங்க."

"எடுக்காத, தங்கச்சி. எடுத்தாலும் பார்த்தவன் பார்த்ததுதான். ஐயாவு அண்ணன் பேரு அவன் மனசுல இருந்து போவாது."

"அப்ப என்ன செய்யறது?"

"பேரை மாத்து. படம்: சுகுமாரன் இராமசாமி, ஜெலாப்பாங். முன்னாடி போட்ட பேரு தப்புன்னும் எழுது. கார்டு அவர்கிட்ட இருந்ததே இல்ல, என்கிட்ட இருந்துச்சு, இப்ப பாலாய்ல குடுத்தாச்சுன்னு தெளிவா எழுது."

"அண்ணே, உங்கள அடிக்க வருவாங்களே."

"அவரு வார்டுக்குக் கீழ நிக்கறவனுங்க அங்கேருந்து கிளம்பணும் லா. அதுக்குத்தான். என் போன் நம்பரும் போடு."

அவள் அழுதுகொண்டே மாற்றினாள் என்று பிறகு தெரிந்தது. சுகுமாரன் நிலையத்துக்கு எதிரே மழைமரத்தடியில் மோட்டார் மேல் உட்கார்ந்து பதிவைத் திறந்து திறந்து பார்த்தான். ஐயாவுவின் பெயர் போய்த் தன் பெயர் வந்தது. இத்தனை வருஷமாக ஒரு படத்துக்கு அடியில் அதைப் பார்க்கத்தான் மண்டபத்தில் பல்லை உடைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா பெயரும் கூடவே இருந்தது.

சாயங்காலம் மாரியம்மா கூப்பிட்டு, வார்டுக்குக் கீழே நின்ற ஆட்களைக் காணோம் என்று சொன்னாள். அவள் வைத்ததும் மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"நீதான் சுகுமாரனா?" என்றது குரல். அன்று தூணருகே நின்று சுகுமாரன் கேட்ட ரூபனின் குரல். "அந்தப் படத்த எடுத்தது யார்ரா?"

சுகுமாரன் எழுந்து நின்றான்.

"நான்தான் எடுத்தேன்" என்றான்.