மவுண்ட் ரோடு லேபிள்

தையல் கடைக்கு வருகிற மாணவன் துணியோடு ஒரு கம்பெனிப் பெயரையும் சேர்த்தே கொண்டுவருவான். ஊசியும் கையுமாகக் காலம் தள்ளுகிற சகோதரர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஐம்பதுகளில் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே என் கடை. காலை ரயிலில் பட்டணத்துக் காலேஜுக்குப் போகிற பையன்கள் பலர் என்னிடம்தான் தைத்தார்கள். ஆனால் மவுண்ட் ரோட்டில் இருந்த பெரிய தையல் கடையான வில்மாட் கம்பெனியில் தைத்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் அவர்களுக்கு ஆசை.

காலருக்குள்ளே

வரதராஜன் ஒரு வாத்தியாரின் மகன், பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன லேபிளை எடுத்து நீட்டினான். மாமாவின் பழைய கோட்டிலிருந்து பிரித்த வில்மாட் லேபிள். அதைக் காலரின் உள்பக்கம் வைத்துத் தைக்க வேண்டுமாம்.

"உள்ளே இருந்தா யார் தம்பி பாக்கப்போறாங்க?" என்று கேட்டேன்.

"ரயில்ல புழுங்கும் மேஸ்திரி, காலரைத் தூக்கித் தூக்கி விசிறிப்பேன். பக்கத்துல இருக்கறவா பாக்க மாட்டாளா?"

அலை கொண்டுபோனது

அந்தச் சட்டையை அவன் வகுப்புத் தோழன் ஏகாம்பரம் ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டான். ஏகாம்பரம் திருப்போரூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி மகன். எல்லாரும் மாமல்லபுரத்துக்கு உல்லாசமாகப் போயிருந்தார்கள். சட்டையைப் பாறைமேல் கழற்றி வைத்துவிட்டு முழங்காலளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். பெரிய அலை ஒன்று வந்து சட்டையை வாரிக்கொண்டு போய்விட்டது. "ஐயோ, வில்மாட்!" என்று ஏகாம்பரம் பின்னாலேயே பாய்ந்துவிட்டான். நீச்சல் தெரியாது.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் குதித்து, அவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டார். கண் திறந்ததும் அவன் கேட்டது சட்டையைத்தான். சட்டையின் கிழிந்த கையைத் தைக்க என்னிடம் வந்த வரதராஜன், அந்த மீனவர் சொன்னதை அப்படியே சொன்னான்: "சட்டை என் கையில கீது நைனா. நீ மொதல்ல மூச்ச வுடு."

அப்பா வந்தார்

ஒரு வாரம் கழித்து ஏகாம்பரத்தின் அப்பா கடைக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் பேண்ட் துணி, அளவுக்கு மகனின் பழைய பேண்ட்.

"இரவல் சட்டைக்கா உசுர வுடப் பாத்தான் மேஸ்திரி? அவனுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். பட்டணத்துல தெக்கிற வசதி நமக்கில்ல. அந்தப் பேரு மட்டும் வெச்சிக் குடு, அங்க தெச்சதுன்னே அவங்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பழுதுபார்க்க வந்து யாரும் திரும்ப வாங்காமல் கிடந்த ஒரு கோட்டில் வில்மாட் லேபிள் இருந்தது. மறுக்க மனம் வரவில்லை, தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஏகாம்பரமே அதை எடுத்துக்கொண்டு வந்தான். ரயிலேறும்போது காலோரத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. நான் கையில் வாங்கும்போதே பதறினான். "பாத்துத் தொடுங்க, மவுண்ட் ரோடு தையல். இந்த மாதிரி தைக்க உங்களுக்கு வருமா?"

பிரிந்த முனை

பிறகு லேபிளின் ஒரு முனை பிரிந்தது. அதைச் சரிசெய்ய மட்டும் என்னை நம்பாமல் வில்மாட் கடைக்கே கொண்டுபோயிருக்கிறான். அங்கே ஒருவர் பேண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் தையல் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நேரே என் கடைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று மிஷினை நிறுத்தினேன். பெஞ்சில் உட்கார்ந்தான். பேண்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் சரிசெய்த காலோரத் தையலையும் மற்றக் காலின் தையலையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தான், இரண்டும் ஒரே கைத் தையல்.

"அப்பா வந்தாரா?" என்றான். தலையாட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லேபிளை என் பக்கம் நீட்டினான். "இத்த நல்லா இறுக்கித் தெச்சிக் குடுங்க மேஸ்திரி. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அவருக்குத் தெரியவே கூடாது."

தையல் தொழிலில் ஊசி குத்தாத நாள் உண்டு, வாயை அடக்காத நாள் கிடையாது.