சம்பங்கி மெக்கானிக்கின் டோக்கன் பலகை

சம்பங்கி அண்ணனுக்கு எல்லாமே அருவருப்பு. அடுத்தவன் குடித்த கிளாஸ் அருவருப்பு, ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவனின் வியர்வை அருவருப்பு, கிரீஸ் கையோடு பன் தின்கிறவன் அருவருப்பு. ஒரு நாளைக்கு நூறு தடவை "ச்சீ" என்பார். அந்த மனிதரின் ஷெட்டில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து ஆறு வருஷமாக நான் கார் வயரிங் செய்கிறேன். என் பெயர் அமலா. ஊரில் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லுவார்கள். நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருஷம் விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய், ரேஸ் கார்களின் இன்ஜினைப் பிரித்துக் கட்டியவர். உடம்பு முடியாமல் போனதும் இங்கே எங்கள் ஊர் மைசூர் மைன்ஸிலேயே ஷெட் போட்டார். அவரைத் தேடிக் கார்கள் இங்கே வர ஆரம்பித்தன.

இங்கே இன்ஜினைப் பிரித்துப் போட்டால் ஒரு தலைவலி உண்டு. காற்றடிக்கும் மாதங்களில், பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் மாவு மாதிரி பறந்து வந்து சோற்றில்கூட விழும். அதனால் திறந்து கிடக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும் அண்ணன் பழைய பனியனைக் கிழித்து அடைத்து வைப்பார். அதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். அவர் அப்பா சுரங்கத்தில் இறங்கும்போது பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவாராம். ஷிஃப்ட் முடிந்து கேஜ் லிஃப்ட்டில் மேலே வந்ததும் திரும்ப மாட்டுவாராம். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதே மாதிரி அண்ணனும் ஷெட் சுவரில் ஒரு பலகை வைத்திருந்தார். ஒரு துணி உள்ளே போனால் ஒரு டோக்கன் பாக்கெட்டுக்குப் போகும். துணி வெளியே வந்தால் டோக்கன் ஆணிக்குத் திரும்பும். எல்லா ஆணியும் நிறைந்தால்தான் சாவியைத் தொடுவார்.

பூதிகோட்டையில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் விநாயக் தன் ரேஸ் காரைக் கொண்டுவந்து விட்டான். இன்ஜின் முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டும், வயரிங்கும் புதிது. மூன்றாவது ஞாயிறு மண் டிராக்கில் போட்டி. "இது நல்லா வந்தா என் ஃபிரண்ட்ஸுங்க வண்டி மூணு கீது. மூணுக்கும் நீதாம்மா வயரிங்" என்றான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. மூன்று ரேஸ் கார் என்றால் சொந்தமாக ஒரு கடை, அதன் மேல் என் பெயர். பதினாறு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வயராக டேப் சுற்றினேன்.

புதன்கிழமை அண்ணன் சாவி போட்டார். இன்ஜின் ஒரே உறுமலில் பிடித்தது. பத்து வினாடி ஓடியது, செத்தது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பிடித்தது, திரும்பச் செத்தது. பிளக்கை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார். மத்தியானம்வரை இதே கூத்து.

"கரண்ட்டு உட்டு உட்டு வருது. உன் வயரிங்தான்" என்றார்.

டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் வயரில் என் டெஸ்ட் லைட்டை மாட்டிக் காட்டினேன். இன்ஜின் செத்த பிறகும் லைட் பளிச்சென்று எரிந்தது.

"லைட்டு எரிது பார்ண்ணா. என் கரண்ட்டு வருது, உன் பெட்ரோல்தான் வர்ல. டேங்க்க தொறந்து பாக்கலாம்."

"டேங்க்ல இன்னா கீது? பலகைய பார். எல்லா டோக்கனும் கீதா இல்லியா?"

எல்லா டோக்கனும் இருந்தன. டெஸ்ட் லைட்டைக் கழற்றினேன்.

வியாழக்கிழமை விநாயக் வந்து நின்றான். அவன் முன்னால் அண்ணன் சொன்னார்: "பொம்பள கை வெச்ச வேல வேற எப்டி இருக்கும்?" சொல்லிவிட்டு கட்டிங் பிளேயரை எடுத்து, பின்பக்கம் போகிற என் வயர்களை வெட்டி வெளியே இழுத்துப் போட்டார். மீன் குடல் மாதிரி கதவு வழியாகத் தொங்கின. அடுத்தவன் கிளாஸைப் பார்த்தால் குமட்டுகிற மனிதருக்கு இது மட்டும் குமட்டவில்லை. விநாயக் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அந்த மூணு வண்டிக்கு பெங்களூர்ல ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். த்தூ! இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் யாரையும் கேட்கவில்லை. டேங்க் மூடியை நானே கழற்றினேன். நாள்பட்ட பெட்ரோலின் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பம்ப்பைத் தூக்கினால், அதன் வாயில் ஒரு துணி கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடினால் இழுத்து வாயை அடைத்துக்கொள்ளும், நின்றால் விலகிவிடும். இதற்குத்தான் மூன்று நாளாக நான் பேச்சு வாங்கினேன்.

அண்ணன் பார்த்தார். ஒரு வார்த்தையாவது சொல்லுவார் என்று நின்றேன். "ச்சீ, அத்த தூர போடு" என்றார்.

போடவில்லை. இடது கையிலேயே வைத்துக்கொண்டேன். பம்ப்பை மாட்டி, வெட்டின வயருக்குப் பதிலாக என் பையிலிருந்த நீள வயரை பேட்டரிக்கும் பம்ப்புக்கும் நடுவில் கிளிப் போட்டுக் கொடுத்தேன். இன்ஜின் பிடித்தது. பத்து நிமிஷம், கால் மணி நேரம், நிற்கவே இல்லை.

சத்தம் கேட்டபடியே விநாயக் உள்ளே வந்தான். மறுநாள் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் அவனுக்கு. முகமெல்லாம் பல். "இன்னாண்ணா பிராப்ளம்?"

"டேங்க்ல துணி" என்றேன் நான்.

"பம்ப்புக்கு வயர் கொடுக்க டேங்க்க தொறந்தது நீதானம்மா?"

அண்ணனைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "யாருதோ, விழுந்திருக்கும்" என்றார்.

ஆறு வருஷம் மரியாதையாகப் பேசிய வாய் இது. அன்றைக்கு அடங்கவில்லை. "சட்டைய தூக்குண்ணா" என்றேன்.

"இன்னா பேசற நீ?"

"தூக்கு. இந்தத் துணி ஓரத்துல பச்சக் கோடு கீது. நீ போட்டுகினு கீற பனியன்லயும் அதே கோடு கீதா இல்லியா, அவுரு பாக்கட்டும்."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு அண்ணன் விநாயக்கைப் பார்த்து, என்னை அல்ல, சொன்னார்: "என்னுதுதான். ஒரு துணி பெருசா இருந்திச்சி, ரெண்டா கிழிச்சி ரெண்டு எடத்துல அடைச்சேன். டோக்கன் ஒண்ணுதான் எடுத்தேன். டேங்க்ல அடைச்ச பாதிய மறந்துட்டேன்."

விநாயக் விழுந்து விழுந்து சிரித்தான். "அட, இவ்ளோதானா! மனுசன்னா மறதி இருக்காதா? விடுங்கண்ணா." அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான். அப்புறம் பெரிய மனது பண்ணி என் பக்கம் திரும்பினான். "நீயும் மனசுல வெச்சிக்காதம்மா. அந்த மூணு வண்டியயும் இங்கயே அனுப்பறேன். நீ வயரிங் பண்ணு, அண்ணன் பக்கத்துல இருந்து செக் பண்ணட்டும்."

அண்ணன் தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார்!

கையிலிருந்த துணியைவிட அந்த இரண்டு முகங்கள்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தன. துணியை அண்ணனின் மேஜையில், அவர் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தேன்.

"வேணாங்க" என்றேன் விநாயக்கிடம்.

"இன்னா வேணாம்?"

பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். இன்ஜின் இரண்டு தடவை இருமி நின்றது. இரண்டு பேரும் ஏதோ கத்தினார்கள். நான் என் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.