அத்தாவுக்குத் தனி உப்பு

ஷஹீராவுக்கு ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவு லேசில் போகாது. ஜெலுத்தோங்கில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில், மின்தூக்கிக்குள் எச்சில் துப்பிக்கொண்டிருந்த ஆளை மூன்றே நாளில் கையும் களவுமாகப் பிடித்தவள் அவள். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரு மாதம் முழுக்கச் சந்தேகப்பட்டது சொந்த அத்தாவை, பெற்ற தகப்பனையே.

அத்தா நூர் முகம்மதுவுக்கு எழுபத்தாறு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபெர்ரிப் படகில் கயிறு கட்டும் வேலை பார்த்தவர். இப்போது கிட்னி இரண்டும் பாதி வேலைதான் பார்க்கின்றன. உப்பைக் குறைக்க வேண்டும், இரத்தத்தில் பொட்டாசியம் ஐந்தைத் தாண்டவே கூடாது, தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா சுலைஹாவுக்கு இனிப்பு நீர் வியாதி. போதாததற்கு முழங்கால் வலி, அடுப்படியில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. ஷஹீரா கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் பெற்றவர்களிடம் திரும்பி வந்தவள். அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால் பாசார் சந்தையில் மீன் விற்கிற விலையைப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

காலை எட்டரைக்கு அவள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். மதியம் இரண்டு பேருக்கும் சூடாகச் சாப்பாடு இருக்க வேண்டும். இதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் ஸ்லோ குக்கர். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே அடுப்படிக்குப் போவாள். கோழித்துண்டு, உருளைக்கிழங்கு, ஒரு கட்டுக் கீரை, இஞ்சி, பூண்டு, மிளகு, ஒரு ரம்பை இலை. எல்லாவற்றையும் பீங்கான் சட்டிக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் மதியம் வரை அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். ஒரு மணிக்கு அம்மா அகப்பையால் அள்ளி ஊற்றுவதுதான் பாக்கி. கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும். அத்தாவுக்கு மீதி இருக்கிற ஏழு பல்லுக்கு அது ரொம்பத் தோது.

"இதுல ஒரு சொட்டு சத்துகூட வெளியே போகாதும்மா," என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொள்வாள். அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. காய் வெந்த தண்ணீரைக் கொட்டினால் வீட்டில் பரக்கத்தும் செழிப்பும் தங்காது என்று நம்புகிறவள் சுலைஹா.

ஆனால் உப்பில்லாத சாப்பாட்டை அத்தா தலையைக் குனிந்தபடி விழுங்குவதை ஷஹீராவால் பார்க்க முடியவில்லை. பேரங்காடியில் தேடிப் பிடித்து, சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு டப்பா வாங்கி வந்தாள். இதயத்துக்கு நல்லது என்று மேலேயே போட்டிருந்தது. 'அத்தாவுக்கு' என்று மார்க்கர் பேனாவால் எழுதித் தனியாக வைத்தாள். நல்ல உப்புதானே என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டாள். அத்தா அன்றைக்கு இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு வயிறு நிறைந்தது.

அடுத்த சோதனையில் பொட்டாசியம் ஐந்து புள்ளி ஆறு. "வெளியே ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று டாக்டர் கேட்டார். வந்ததே சந்தேகம். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அத்தா போய் உட்காருகிற இடம் முஸ்தஃபாவின் சாப்பாட்டுக் கடை. அங்கே பழைய ஃபெர்ரி ஆட்கள் மூன்று பேர் இருப்பார்கள். கடையில் கறிக்குழம்பு எப்போதும் கொதித்தபடி இருக்கும்.

"சத்தியமா பால் ஊத்தாத தே ஓ மட்டும்தான் குடிக்கிறேம்மா," என்றார் அத்தா.

ஷஹீரா நம்பவில்லை. முஸ்தஃபாவுக்கே போன் போட்டாள். "அண்ணே, எங்க அத்தா கேட்டாருன்னு கறி குவா ஊத்திக் கொடுக்காதீங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆனா நான் உங்களத்தான் கேப்பேன்."

கடையில் எல்லார் காதிலும் விழும்படி முஸ்தஃபா அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அத்தா அன்றைக்குச் சீக்கிரமே வீடு திரும்பினார். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு, தூரத்தில் தெரிகிற கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஆக்கி வைத்ததை மட்டும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வழிக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து அளவு ஆறு புள்ளி மூன்று. அன்றைக்கே வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். ஏறிக்கொண்டே போனால் இரத்தம் சுத்திகரிக்கும் மிஷினில்தான் போட வேண்டும் என்றார் டாக்டர். "உண்மையைச் சொல்லுங்கள். என்னதான் சாப்பிடுகிறீர்கள்?" என்று குரலை உயர்த்தினார். அத்தா மகளை ஒரு தடவை பார்த்தார்.

"கடையில சாப்பிட்டேன், டாக்டர்," என்றார்.

ஷஹீராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்காகத்தானே விடியுமுன் எழுந்து கிடந்து சாகிறேன் என்று இருந்தது. நேரே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, உணவு ஆலோசகர் ஃபரா என்ற மலாய்ப் பெண் கட்டிலருகே வந்து, வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டாள். ஷஹீரா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். கிராணியாயிற்றே, தினமும் சட்டியில் போட்டது அத்தனையும் அதில் இருந்தது. வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பது அவள் எண்ணம். ஃபரா விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் போடுகிறார்கள், அக்கா. மற்றவர்களுக்கு நல்லது. கிட்னி கெட்டவர்களுக்கு ஆகவே ஆகாது. கீரையையும் கிழங்கையும் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சட்டியில் சேர்க்க வேண்டும். இதில் மூடியே வைத்ததால் எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது."

ஷஹீரா நோட்டை வாங்கி மூடினாள். வராந்தாவுக்குப் போய் முஸ்தஃபாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா இந்தப் பக்கம் வந்து ஒரு மாசமாச்சு லா," என்றார் அவர். "வந்தப்பவும் சீனி போடாத தே ஓதான். அவருக்கு உடம்புக்கு என்னம்மா?"

அத்தா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஷஹீரா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடையில சாப்பிட்டேன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "வேற என்னத்தச் சொல்றது? நான் சாப்பிட்டது பூரா நீ ஆக்குனதுதான். அதச் சொன்னா அந்த டாக்டர் உன்னையில்ல ஏசுவாரு."

"அதுக்காக? உசுரு போயிருந்தா?"

"நீ விடியக்காலையில எந்திரிச்சு ஆக்குறவ. அந்தச் சாப்பாட்டு மேல குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல," என்றார் அத்தா.

சந்தேகப்பட்ட ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றது. பேரங்காடியில் அந்த டப்பாவை வாங்கிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். "மருந்து ஏத்துற மிஷின் பக்கத்துல ஈரம் பண்ணாதம்மா, நர்ஸ் ஏசும்," என்றார் அத்தா.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்த சோதனையில் அளவு நாலு புள்ளி ஏழு. இப்படியே இருந்தால் மிஷினைப் பற்றிய பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார் டாக்டர். ஷஹீரா கீரைத் தண்ணீரைக் கொட்டுகிற நேரத்தில் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை அசருக்குப் பிறகு அவளே அத்தாவைக் கெரெத்தாவில் ஏற்றி முஸ்தஃபாவின் கடைக்கு ஓட்டிப் போனாள். மூன்று கிழவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். முஸ்தஃபா கல்லாவை விட்டு எழுந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் போன்ல பேசுனது தப்பு. அத்தா ஒண்ணும் திருடித் தின்னல. நான் போட்ட உப்புதான் அவரப் படுக்க வச்சது," என்றாள்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அத்தா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"எங்க போற? உக்காந்து ஒரு தே குடிச்சிட்டுப் போ லா."

அந்த ஆம்பளைகள் மேசையில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். அத்தா அவள் தோளில் கையை வைத்து, "இவதான் என் மவ. எனக்கு ஆக்கிப் போடுறவ," என்று, அவளைப் பிறந்த நாளிலிருந்து அறிந்த அந்த மூன்று பேருக்கும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.