ஒன்பது ஏழுகளும் என் முப்பத்தேழும்

நேமத்தான்பட்டியிலிருந்து ஆள் வந்தபோது, நான் கடையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒங்க சகலை காலையில தவறிட்டாக" என்றார். வீட்டுக்கு ஓடினேன். கல்லூரியில் கணக்குப் படிக்கும் என் மகள் மீனா, "பெரியப்பா!" என்று கதறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும், நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. சகலை முத்துக்கருப்பனையும் என்னையும் சேர்த்துப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

அவர் மின்சார ஆபீஸ் குமாஸ்தா. என் வீட்டுக்கு வந்தால் நல்லி எலும்பு அவர் இலைக்குத்தான் போகும். அதைப் பொறுத்துக்கொண்டேன். என் மகளையும் அவர் பக்கம் இழுத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சின்னவளாக இருந்தபோது மீனாவுக்குப் பெருக்கல் என்றாலே வயிறு வலிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை, "ஒனக்கு எந்த நம்பர் பிடிக்கும்த்தா?" என்று கேட்டார். "ஏழு" என்றாள். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் 12345679 என்று எழுதி, அறுபத்து மூன்றால் பெருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். வந்த விடை 777777777. ஒன்பது ஏழுகள்! பிள்ளை குதித்த குதியில் சட்டிபானை ஆடியது.

என் கண்ணில் பட்டது வேறு. "சகலை, எட்ட முழுங்கிட்டீகளே!" என்றேன். நான் படித்ததே எட்டாவது வரைதான்; அதை விட்டால் எனக்கு ரோசம் வராதா?

"வேணுமின்னுதான் விட்டேன். நீங்க வேணா எட்டையும் சேத்துப் பெருக்கிப் பாருங்க" என்றார் சிரிக்காமல்.

பெருக்கினேன். 7777777707.

"அப்பா, உங்களுக்குப் பூஜ்யம்!" என்றாள் மீனா. என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து கடையில் டியூப் அட்டைகளின் முதுகெல்லாம் பெருக்கல்தான். எப்படியாவது எனக்கென்று ஒரு எண் வேண்டும். சைக்கிள் வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, சீட்டு நடத்துகிறேன் என்று நினைத்தார்கள். கடைசியில் ஒன்று சிக்கியது. முப்பத்தேழை இருபத்தொன்றால் பெருக்கினால் 777! கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினேன்.

மீனா பார்த்தாள். "மூணு ஏழுதானாப்பா? பெரியப்பாவுக்கு ஒம்பது வந்துச்சே."

சகலை அங்கேதான் இருந்தார். சிரிக்கப் போகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சாக்பீஸை எடுத்துத் தன்னுடைய பெரிய எண்ணை என் முப்பத்தேழால் வகுக்க ஆரம்பித்தார். மீதி இல்லாமல் போனது. ஈவு 333667. மறுபடி பெருக்கிச் சரிபார்த்தார். அப்புறம் மீனாவைக் கூப்பிட்டு, "இங்க பாருத்தா. இம்புட்டு நாளா என் நம்பருக்குள்ள ஒங்கப்பா ஒக்காந்திருக்காக. எனக்கே தெரியல" என்றார்.

பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அதுவரை அவரை மட்டுமே அப்படிப் பார்த்திருந்தாள்.

நேற்று நேமத்தான்பட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மீனா என் தோளில் சாய்ந்தபடி, "முப்பத்தேழு எனக்கு இன்னமும் அப்பா நம்பர்தான்" என்றாள்.

அந்தப் பெரிய எண்ணை அவரே வைத்துக்கொள்ளட்டும். என் பங்கு முப்பத்தேழு. அதையும் என் மகள் கையில் சேர்த்தது அந்த மனிதர்தான் என்பது மட்டும் இன்னும் கொஞ்சம் எரிகிறது.