ஐந்தாவது ஆள் இன்னும் வரவில்லை

1. பொறுப்பு

ஆரணி என் வகுப்புக்கு வந்தது இரண்டாம் டேர்ம் நடுவில். நகரத்தின் மற்றப் பக்கத்தில், ரானுயியில் இருந்த குடும்பம். அப்பாவுக்கு பாட்டனி டவுன்ஸில் ஒரு பெரிய கடையில் வேலை கிடைத்ததால் பக்குரங்காவுக்கு வாடகைக்கு வந்துவிட்டார்கள். முதல் நாள் அவரே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைச் சீருடையோடு வாசலில் நின்றபடி சொன்னார்:

"டீச்சர், இவள் அங்க நல்லாக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவள். இஞ்ச வந்தாப் பிறகு வாயே திறக்கிறாள் இல்லை. நீங்களும் எங்கட ஆள். ஒரு கண் வச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் யோசிக்காமப் போங்கோ" என்றேன்.

நான் படிப்பித்தது கிளாசிக்கல் ஸ்டடீஸ். பழைய கிரேக்கமும் ரோமும். யாழ்ப்பாணத்துக்காரிக்கு இதென்ன கூத்து என்று கேட்காத உறவினர் இல்லை. வரலாறு எடுக்கத்தான் சேர்ந்தேன். அந்தப் பாடத்தை எடுத்தவர் விலகிப் போக, என் தலையில் கட்டினார்கள். போகப்போகப் பிடித்துவிட்டது. ஓய்வு பெறும்வரை அதையே எடுத்தேன். புதிதாக ஆசிரிய வேலைக்கு வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனத்தை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பிழை விட்ட கதையை எழுதுகிறேன்.

ஆரணி வந்து இரண்டு கிழமை இருக்கும். காரிடரில் அவளோடு தமிழில் நாலு வார்த்தை கதைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் போன மாணவி ஒருத்தி, "மிஸ், அவள் உங்கள் சொந்தமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சும்மா கேட்ட கேள்விதான். எனக்குச் சுருக்கென்றது. "இல்லை, இல்லை" என்று அவசரமாகச் சொன்னேன். அதன் பிறகு ஆரணியோடு பள்ளியில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டேன். வேண்டியவள், வேண்டாதவள் என்று பார்க்கிறேன் என்ற பெயர் எனக்கு வரக்கூடாது.

2. பஞ்சுத் தாடி

மூன்றாம் டேர்மில் ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் ஒப்பிடுகிற பாடம். இரண்டு நகரமும் ஒரே மொழி பேசின, ஒரே கடவுள்களைக் கும்பிட்டன. ஆனால் ஆட்சி நேர்மாறு. ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பார்கள். ஆபத்தானவன் என்று நினைக்கிற ஒருவனை நாட்டை விட்டு அனுப்ப, உடைந்த மண்பாண்ட ஓட்டில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஸ்பார்ட்டாவில் இரண்டு ராஜாக்கள், அவர்களோடு ஒரு முதியோர் சபை. அந்தச் சபைக்கு ஆள் எடுக்கிற முறைதான் விசேஷம். போட்டியிடுகிறவர்கள் ஒவ்வொருவராக, வாய் திறக்காமல், கூட்டத்தின் முன்னால் நடந்து போவார்கள். கூட்டம் கத்தும். நடுவர்கள் பக்கத்து அறைக்குள் இருப்பார்கள். அவர்களுக்கு யார் போகிறார் என்று தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எத்தனையாவது ஆளுக்குப் பெரிய சத்தமோ அவர் வென்றார்.

இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்திக் காட்டுவேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சபைக்கு அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும் என்பதால், போட்டியிடுகிற ஐந்து பேருக்கும் பஞ்சுத் தாடி ஒட்டிவிடுவேன். மூன்று பேர் நடுவர்களாகப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்த வருடம் நாலு பேரைப் பிள்ளைகள் தெரிவு செய்தார்கள். ஐந்தாவதாக நான் ஆரணியின் பெயரைச் சொன்னேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு மனதில் கிடந்தது. பிள்ளை கொஞ்சம் முன்னுக்கு வரட்டும் என்று நினைத்தேன். விருப்பமா என்று அவளைக் கேட்கவில்லை.

முதலாவது ஆள் ரக்பி விளையாடுகிற பெடியன். கூரை பறந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவதற்கும் மேசையில் தட்டிக் கத்தினார்கள். பிறகு ஆரணி கதவடியில் இருந்து ஜன்னல் பக்கமாக நடந்தாள். தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

ஒருவரும் கத்தவில்லை.

அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. யாராவது தொடங்கட்டும் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொடங்கியிருக்கலாம். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும், "கமான், எல்லாரும்!" என்று கை தட்டியிருப்பேன். இது எங்கள் பிள்ளை என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதற்கு நடுநிலை என்று மனதுக்குள் பெயரும் வைத்துக்கொண்டேன்.

அவள் ஜன்னலடிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. நடுவர்களில் ஒருத்தன் தலையை நீட்டி, "மிஸ், காத்துக்கொண்டே இருக்கிறோம். ஐந்தாவது ஆள் எப்போது வருவார்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. ஆரணியும் தாடியைப் பிய்த்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நடுவர்களின் தாளை வாங்கிப் பார்த்தேன். நாலு எண்களுக்கு எதிரே 'பெரிது', 'நடுத்தரம்' என்று ஏதேதோ எழுதியிருந்தார்கள். ஐந்துக்கு எதிரே, 'இன்னும் வரவில்லை.'

ஸ்டாஃப் ரூமில் ரேவதியிடம் சொன்னேன். மதுரைக்காரி, கணக்கு டீச்சர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள்.

"ஏங்க, நீங்க ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"நான் டீச்சர். ஒரு பக்கம் சாஞ்சு எப்பிடிக் கத்துறது?"

"ஆமா, பெரிய ஜட்ஜு. அந்தப் பொண்ணுக்கு அங்க உங்கள விட்டா யாரு இருந்தா?"

கோபம் வந்தது.

3. நல்ல சத்தம்

அடுத்த கிழமை பெற்றோர் சந்திப்பு. ஆரணியின் அப்பா அன்றைக்குச் சீருடையில் வரவில்லை. இஸ்திரி போட்ட சேர்ட், கையில் ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரம். மகள் பின்னால் நின்றாள்.

"டீச்சர், உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. ஏதோ எலெக்ஷன் வச்சனீங்களாம். இவளுக்குத்தான் வகுப்பே கத்தினதாம். வீட்டை வந்து சொன்னவள். அண்டைக்குத்தான் தாய் நிம்மதியாச் சாப்பிட்டவ. உண்மையே டீச்சர், அவ்வளவு சத்தமோ?"

நான் ஆரணியைப் பார்த்தேன். அவள் என் மேசையில் இருந்த பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து சிவந்து போயிருந்தது.

"ஓம், நல்ல சத்தம்" என்றேன். "பக்கத்து அறைக்கே கேட்டது."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பணியாரத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

4. கட்டுரை

டேர்ம் முடிவில், இரண்டு நகரங்களில் எதில் வாழ விரும்புவாய், ஏன் என்று கட்டுரை கேட்டிருந்தேன். அநேகம் பேர் ஏதென்ஸ் என்றுதான் எழுதினார்கள். நாடகம் இருக்கிறது, பேச்சுரிமை இருக்கிறது, ஏழு வயதில் பெடியன்களைத் தாயிடமிருந்து பிரித்துப் பாசறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை.

ஆரணியும் ஏதென்ஸ் என்றே எழுதியிருந்தாள். காரணம் மட்டும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. 'ஏதென்ஸில் ஒருவரை வெளியே அனுப்புவதற்குக்கூட ஆறாயிரம் ஓடுகள் விழ வேண்டும். அத்தனை பேர் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து ஒரு பெயரை எழுத வேண்டும். ஸ்பார்ட்டாவில் சும்மா இருந்தாலே போதும்.'

ஆக உயர்ந்த தரமான எக்ஸலன்ஸ் போட்டேன். கார் பார்க்கில் காருக்குள் இருந்து அழுதேன். வேறென்ன செய்ய?

விடுமுறை முடிந்த முதல் நாள் பாடம் மாறுகிற படிவத்தோடு வந்தாள். டைம்டேபிள் இடிக்கிறது என்று எழுதியிருந்தாள். இடிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். வகுப்பில் வேறு யாரும் இல்லை. தமிழில் சொன்னேன்:

"ஆரணி, அண்டைக்கு நான் கத்தியிருக்க வேணும். பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளம்மா."

எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பாட்ட நல்ல சத்தம் எண்டு சொன்னீங்கள்தானே மிஸ். அது போதும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதே கதவடிக்கு நடந்து போனாள். நில் பிள்ளை, போகாதே என்று கூப்பிட வாய் உன்னியது. கூப்பிடவில்லை. அதன் பிறகு அந்த விளையாட்டை நான் எந்த வகுப்பிலும் நடத்தவில்லை, போர்டில் எழுதிக் காட்டியதோடு சரி.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பிள்ளை தனியாக நடந்து போகும்போது முதல் சத்தத்தை நீங்கள் போடுங்கள். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், சேராவிட்டாலும் ஒரு சத்தமாவது இருக்கும். அவள் உங்கள் சொந்தமா என்று யாராவது கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள்.