ஓரத்தில் நின்ற வேலு

சித்தூரில் ஒரு முகூர்த்தத்தில் இருந்தேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் எடுத்தால், வேலுவின் மனைவி செல்வி. "அண்ணா, அவரு பூட்டாருண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." நானும் வேலுவும் நகரியில் கூட்டாகப் போட்டோ ஸ்டுடியோ நடத்தியதை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் முன்னால்தான் எனக்கு வெட்கம் அதிகம்.

சில வருடங்களுக்கு முன், எங்கள் மிரர்லெஸ் கேமராவுக்கு, சின்ன அறையிலும் எல்லாரையும் அடக்குகிற வைட் ஆங்கிள் ஜூம் லென்ஸ் வாங்கத் திருப்பதிக்குப் போயிருந்தோம். எனக்குக் கனத்த, பெரிய லென்ஸ் மேல் கண். "சின்னதா இருந்தா கல்யாண ஊட்ல எவன் மதிப்பான்?" என்றேன். வேலு உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை மாட்டிக்கொண்டு, கடைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தான். "நம்ம ஊர் ஊட்ல பாதி ரூம தறியே அடைச்சிக்கினு கீது. அந்த குண்டானத் தூக்கிக்கினு எங்க நிப்ப? ஜனம் முழுக்க பிரேம்ல வந்தா போதும்பா." பிறகு விற்பனையாளரைப் படத்தின் ஓரத்தில் வரும்படி நிறுத்தி ஒரு படம் எடுத்துக் காட்டினான். கன்னம் இழுபட்டு முகமே மாறியிருந்தது. "இதி நேனேனா அண்ணா?" என்று, இது நான்தானா என்பதைத் தெலுங்கில் கேட்டு அவர் அலறினார்.

"எந்த வைட் லென்ஸும் ஓரத்துல மூஞ்சிய இழுக்கும். ஓரத்துல செவுத்த உடு, ஆள உடாத" என்றான் வேலு. சின்னதையே வாங்கினோம். அவன் சொன்னதுதான் சரி என்று அடுத்த நிச்சயதார்த்தத்திலேயே தெரிந்துவிட்டது. நான்தான் அதை அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்களை உள்ளே நெருக்குவது அவன் வேலை. எல்லாரையும் நிறுத்தி முடித்தால், "நீயும் நில்லு வேலு" என்பார்கள். மிச்சமிருப்பது ஓரம்தான். "என் மூஞ்சி இழுத்தா யாருக்கு நஷ்டம்? அமுக்குபா" என்பான். நானும் சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்குவேன்.

இறந்த அன்று சாயங்காலம் ஃப்ளெக்ஸ் பேனருக்கு நல்ல படம் ஒன்று கேட்டாள் செல்வி. எல்லா ஹார்ட் டிஸ்கையும் துழாவினேன். இத்தனை வருடத்தில் வேலு இருந்த படமெல்லாம் ஓரம். நெற்றி ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம். கம்ப்யூட்டரில் நேராக்கிப் பார்த்தேன், அவன் முகமாக வரவில்லை. கடைசியில் ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி அடித்தோம். ஊர் முகத்தையெல்லாம் அழகாக எடுத்தவனுக்கு ஆதார் படம்! தெருமுனையில் அதைப் பார்த்த ஒருவர், "இன்னாபா, நீங்க ரெண்டு பேரும் போட்டோகிராபருங்கதானே?" என்று என்னிடமே கேட்டார்.

செல்வியும் கேட்டாள். "தெனம் கூடவே இருந்தீங்களேண்ணா, ஒரு தபாகூட அவர எடுக்கத் தோணலயா?" திட்டியிருந்தால் தேவலை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தோன்றவில்லை, அதுதான் உண்மை.

காரியத்தன்று குடும்பத்தோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். அவன் தேர்ந்தெடுத்த லென்ஸைத்தான் மாட்டினேன். மாலை போட்ட வேலுவின் படத்தை ஏந்திக்கொண்டு அவன் மகள் வரிசையின் கடைசியில் நின்றாள்.

"அங்க வேணாம்மா. நைனாவ நடுவுல எடுத்துக்கினு வா" என்றேன்.

வந்து நின்றாள். மற்றவர்களை உள்ளே நெருக்கி நிறுத்தினேன். இரண்டு ஓரத்திலும் வெறும் சுவர். அவனிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தச் சின்ன லென்ஸும், ஆளை ஓரத்தில் விடாதே என்ற அந்தப் பேச்சும்தான். வேலுவை நடுவில் வைத்து நான் எடுத்த முதல் படம் அது.